விண்கப்பல் நாடகமும் சனிக்கிழமைச் சிரிப்பும்

காளியாயி எந்த நாடகத்தையும் சும்மா பார்த்துவிட்டு எழுந்து போகிறவள் இல்லை. பார்த்தால் நியாயம் கேட்பாள். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவளுக்கு டிவிக்காரர்களிடம் என்ன பயம்? சனிக்கிழமை சாயங்காலம் கொழும்பிலிருந்து வருகிற காமெடித் தொடர் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால் குபீரென்று போடுவார்களே ஒரு கூட்டச் சிரிப்பு, அது மட்டும் ஆகவே ஆகாது. நான் சிரிப்பதற்கு முன்னாலேயே சிரிக்க இவர்கள் யார், இவர்களை என் வீட்டுக்குள் கூப்பிட்டது யார் என்று எரிந்து விழுவாள்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில், வெளிநாட்டுக்காரர்களைத் தமிழில் பேசவைத்துப் போடுகிற விண்கப்பல் நாடகத்தின் மேலும் அவளுக்கு ஏகப்பட்ட குறை. அத்தனை பெரிய கப்பலில் ஒருத்தராவது அடுப்பு மூட்டி அவள் பார்த்ததில்லை. யார் கூட்டுகிறார்கள், யார் துணி துவைக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. புதுக் கிரகத்தில் கால் வைத்த உடனே சண்டைதான். குடிக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற புத்தி ஒருவனுக்கும் இல்லை. இத்தனையும் திட்டிவிட்டு மறுநாளும் அதே நேரத்துக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். காரணம், கப்பலை ஓட்டுகிற பெண்ணின் அம்மா. பூமியில் தனியாக இருக்கிற அந்த அம்மா, மகளிடமிருந்து பதில் வருகிறதோ இல்லையோ, தினமும் வெறும் திரையைப் பார்த்துப் பேசுவாள். அந்த இடம் வந்தால் மட்டும் காளியாயி வாயைத் திறக்க மாட்டாள்.

கூட உட்கார்ந்து பார்ப்பவள் பிரியந்தி. லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராக்காரி, காளியாயியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். அவள் வீட்டு டிவி இடி மின்னலில் புகைந்து போனதிலிருந்து ரொட்டித் தட்டோடு இங்கே வந்துவிடுவாள். மறுநாள் மலையில் தேத்தண்ணிக்கு உட்காரும்போது, ராத்திரிக் கதையைச் சொல்லுங்கக்கா என்று முதலில் ஆரம்பிப்பதும் அவள்தான். கூடப் பார்த்தவளுக்கு எதற்குக் கதை என்று யாரும் கேட்டதில்லை. காளியாயி சொன்னால் அது தனி ருசி. கப்பல் தலைவியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து கங்காணியோடு சண்டை போடவைப்பாள். பெண்கள் கொழுந்துச் சாக்கின்மேல் சாய்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பிரியந்தி போனை நீட்டி வீடியோ எடுப்பாள். எடுத்துவிட்டுப் போகட்டும் என்று காளியாயியும் தலைத்துணியைச் சரிசெய்துகொள்வாள்.

அந்த அம்மாவைப் பற்றி மட்டும் மலையில் அவள் கதை சொன்னதே இல்லை. அவளுடைய ஒரே மகள் கிருஷாந்தி குவைத்தில் இருந்தாள். நாலைந்து இலங்கைப் பெண்கள் வேலை செய்கிற பெரிய வீடு. வீட்டுக்காரி போன்களை வாங்கிப் பூட்டிக்கொண்டு, மனம் வந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கொடுப்பாள். மற்ற நாட்களில் லயத்துக்கு மேலே, சிக்னல் கிடைக்கிற கல்லில் ஏறி நின்று காளியாயி மகளுக்குப் போன் எடுத்துப் பார்ப்பாள். லைன் போகாது. போகாவிட்டால் என்ன, போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவாள். சில்வண்டு, சாப்பிட்டியா, முதுகு வலிக்குதா என்று கேட்பாள். குழந்தையில் ஓயாமல் கத்தியதால் மகளுக்கு அவள் வைத்த செல்லப்பேர் அது. இங்கே மழை, பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கல்லைவிட்டு இறங்குவாள். அன்றைக்குத்தான் தூக்கம் வரும்.

இதை ஒருநாள் நாடகத்தின் நடுவே விளம்பரம் ஓடும்போது பிரியந்தியிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லிவிடாதே, பைத்தியம் என்பார்கள் என்றும் சொன்னாள். பிரியந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை என்று இன்றைக்கும் காளியாயியால் சொல்ல முடியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

பிரியந்தியின் தம்பி வினோஜன் கொழும்பில் அந்தச் சனிக்கிழமைக் காமெடித் தொடரில் எழுதவும் நடிக்கவும் செய்கிறவன். தோட்டத்துக்கே அவன் பெருமை. இந்த வாரம் புது வேஷம் கட்டுகிறேன், எல்லாரும் கட்டாயம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தான். லயத்துச் சனம் முழுக்கக் காளியாயி வீட்டில் வந்து அடைந்துகொண்டது.

தலைத்துணியும் இடுப்பில் படங்குச் சாக்கும் கட்டிக்கொண்டு, பெண் வேஷத்தில் வினோஜன் வந்தான். இத்தனை பெரிய கப்பலை எவள் கூட்டுகிறாள் என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டான். முதலில் சிரித்தவள் காளியாயிதான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்தக் கூட்டச் சிரிப்பை முந்திக்கொண்டாள். தண்ணீரைப் பற்றிய பேச்சு வந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் அவளை இடித்து, இது நீங்கதான் என்று குதூகலப்பட்டார்கள். அவளுக்கும் கூச்சத்தோடு கொஞ்சம் பெருமை வந்தது. பொய் எதற்கு, வந்ததுதான்.

அப்புறம் அந்த வேஷக்காரி அட்டையில் செய்த ஒரு கல்லின்மேல் ஏறினாள். செத்துப்போன போனைக் காதில் வைத்தாள். "சில்வண்டு, சாப்பிட்டியா?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

பெட்டிக்குள் இருந்த கூட்டம் குபீரென்று சிரித்தது. வீட்டுக்குள் இருந்த கூட்டமும் சிரித்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கு என்ன தெரியும்? விஷயம் தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். காளியாயி திரும்பிப் பார்த்தாள். பிரியந்தி சிரிக்கவில்லை. தட்டில் இருந்த ரொட்டியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மலையில் பிரியந்தியே பக்கத்து நிரைக்கு வந்து நின்றாள். தம்பிக்குப் புதுசாக ஒன்றும் அமையவில்லை, தொடரிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று அழுதான், அதனால் மலையில் எடுத்த வீடியோக்களை அனுப்பினேன், கல்லுக் கதையையும் சொன்னேன் என்றாள். "ஒங்க பேர எங்கயும் சொல்லலியேக்கா" என்றும் சொன்னாள்.

காளியாயி கொழுந்தில் இருந்து கையை எடுக்கவில்லை.

"மலையில சொன்னது பூராவையும் எடுத்துக்கிட்டிருக்கலாம் புள்ள. கேட்டிருந்தா நானே இன்னும் நாலு சேத்துச் சொல்லியிருப்பேன். அந்தக் கல்லு ஒனக்கு எதுக்கு?"

பிரியந்தி தன் நிரைக்குத் திரும்பிப் போனாள். மற்றப் பெண்கள் கதை கேட்டு வந்தபோது, தலைவலி என்று காளியாயி தேத்தண்ணியை நின்றபடியே குடித்தாள். அந்த வாரம் கல்லுப் பக்கமும் போகவில்லை. போனைக் கையில் எடுத்தால் முதலில் அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

வெள்ளிக்கிழமை மகளே எடுத்தாள். காலையில் போன் கைக்கு வந்ததும் கூட வேலை செய்கிற பெண்கள் அந்தக் காமெடியின் வீடியோவைக் காட்டினார்களாம். தானும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தாளாம், அந்தப் பேர் வருகிற வரைக்கும். அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது, அவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாள்.

"இனிமே கல்லுல ஏறி அப்பிடிப் பேசாதீங்கம்மா. இங்க எல்லாரும் என்னைய அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புட்டுச் சிரிக்கிறாங்க."

"சரி, கிருஷாந்தி" என்றாள் காளியாயி. பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பேரைச் சொல்லி மகளை அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அன்று இரவு விண்கப்பல் நாடகம் தொடங்கியபோது பிரியந்தி ரொட்டித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். காளியாயி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிரியந்தி வழக்கமான இடத்தில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் அந்த அம்மா வந்தாள். மேசை முன்னால் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளிடம் பேச வாயெடுத்தாள். அந்த இடத்தில் ஒருநாளும் பேசாத காளியாயி அன்றைக்குப் பேசினாள்.

"பேசிறாத தாயி" என்றாள். "பக்கத்துல ஆளு இருக்கு."