இலை கிள்ளும் பெண்

திருவனந்தபுரத்தில் நான் தத்துவ அறிமுகப் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ஒருமுறை ஆய்வுக்குழு வந்தது. அதற்காக வராந்தாவில் வைத்த தொட்டிச் செடிகளில் பாதி பிளாஸ்டிக். முதலாண்டு மாணவி ஒருத்தி, வகுப்புக்கு வரும்போதெல்லாம் அவற்றில் ஏதாவது ஒரு இலையைக் கிள்ளிப் பார்ப்பாள். ஒல்லியான பெண், நெற்றியில் சந்தனக் கீற்று, மணிக்கட்டில் எப்போதும் ஒரு ஈரக்குடை. வீட்டில் தமிழ், படித்தது மலையாளம். பேச்சில் இரண்டும் வரும். நேற்றுக் கிள்ளிய செடியையே இன்றும் கிள்ளுவாள்.

“நேத்தே பார்த்தாச்சே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நேத்து நிஜம்தான் சாரே. ராத்திரி மாத்தியிருந்தாலோ?”

அறிவு என்றால் என்ன என்ற பாடத்துக்கு, ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு குறிப்பு எழுதி அச்சடித்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

“சாரே, இது நீங்க எழுதினதோ, ஏஐ எழுதினதோ?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “நான்தான் எழுதினேன். சொன்னா நம்ப மாட்டியா?”

“வாத்தியார் சொன்னாருன்னு மட்டும் எதையும் நம்பாதேன்னு நீங்கதானே சொன்னது? இலைன்னா கிள்ளிப் பாக்கலாம். இதை எங்க கிள்ளுறது?”

முகத்தில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் திட்டியாவது அனுப்பியிருப்பேன்.

அவள் படிப்பு முடித்துப் போய்விட்டாள். இப்போது நான் குறிப்புகளைக் கையாலேயே எழுதி, அடித்தல் திருத்தலோடு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு பக்கம் அடித்தலே இல்லாமல் அமைந்துவிட்டால் மனசு கேட்பதில்லை. சரியாக இருக்கும் ஒரு வரியை அடித்துவிட்டு, அதையே மேலே திரும்ப எழுதிவிடுகிறேன்.