எட்டாவது குழி

இன்னைக்கு மேட்னி. கல்குவாரித் தொழிலாளிகளைப் பத்தின ஒரு சின்னப் படம். தியேட்டர்ல மொத்தமே நாலு பேர்தான்.

கடைசிக் காட்சியில பாறைக்கு வெடி வச்சு முடிக்கிறாங்க. அப்புறம் தூக்குவாளியைத் திறந்து, ஒருத்தரை ஒருத்தர் கேலி பண்ணிக்கிட்டே சாப்பிடுறாங்க. சிரிச்சபடியே திரும்பக் குவாரிக்குள்ள இறங்குறாங்க. படம் முடிஞ்சிருச்சு.

யாரையும் சாகடிக்காத டைரக்டர்! போன்ல 'இதமான முடிவு'ன்னு டைப் பண்ணிக்கிட்டே எந்திரிச்சேன்.

பக்கத்து சீட்டு அண்ணன் எந்திரிக்கல. முன் சீட்டை இறுக்கிப் பிடிச்சிருந்தார்.

"என்னண்ணே?"

"எட்டுக் குழியில மருந்து வச்சாய்ங்க தம்பி. ஏழு வேட்டுதான் கேட்டுச்சு. ஒண்ணு வெடிக்காம உள்ளேயே கெடக்கு. அது தெரியாம இறங்குறாய்ங்க."

"நீங்க எண்ணுனீங்களா?"

"மேலூர்ப் பக்கம் குவாரியில பதினஞ்சு வருசமா எண்ணுறேன். எண்ணலைன்னா இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

பின் சீட்டு ஆளுக ரெண்டு பேரும், "படத்துல ஒண்ணுமே நடக்கலப்பா"ன்னு சொல்லிக்கிட்டே வெளிய போனாங்க.

டைப் பண்ணுனதை அழிச்சிட்டேன்.

நாளைக்கு இந்தப் படத்தை எடுத்துட்டு வேற போடுறாங்களாம். ஏற்கெனவே பார்த்து, 'ஃபீல் குட்'னு எழுதுன மக்களே, உங்களுக்கு எத்தனை வேட்டு கேட்டுச்சு?