மெதுவா இழு, அக்கா

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். ஓர் உதறு உதறி, இழுத்துச் சுருக்கம் எடுத்து, நடுவில் வந்து கூடி, மறுபடி விலக வேண்டும். அக்காவும் தங்கையும் அங்கே ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பதினெட்டு வருஷம் அப்படிக் கூடி விலகினார்கள். ஒருத்தி மூச்சு விட்டால் மற்றவளின் கை தானாக உயரும். "இவங்க ரெண்டு பேரும் மெஷின்மா. எண்ணெய் போட்டா போதும்," என்பார் மேற்பார்வையாளர்.

பெரியவளுக்குக் கையில் வலு அதிகம், வாயில் அதைவிட அதிகம். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து, வேலையில் சேர்த்து, கல்யாணமும் செய்து வைத்தவள் அவள்தான். அதனால் தங்கையின் உடம்பும் தன் பொறுப்பில்தான் சேர்த்தி என்று நினைத்திருந்தாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது அவளுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் ஒப்புக்கொள்ளவில்லை.

சின்னவளுக்கு நாற்பது வயதில் வலி வந்தது. முதலில் தோள், பிறகு இடுப்பு, அப்புறம் இன்ன இடம் என்றே இல்லை. எட்டு மணி நேரம் தூங்கினாலும் அடித்துப் போட்டதுபோல எழுந்தாள். யார் தோளில் கை வைத்தாலும் சுருங்கினாள். பெரியவள்தான் டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். "எல்லாம் நார்மலா இருக்கு," என்றார் டாக்டர். அதோடு அவர் நிறுத்தவில்லை. இதற்கென்று வேறொரு டாக்டர் இருக்கிறார், பாருங்கள் என்றும் சொன்னார். பெரியவளின் காது 'நார்மல்' என்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் சலவைக்கூடம் முழுக்க அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஒண்ணுமே இல்லையாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தள்ளி நில்லுங்க, கண்ணாடி வருது, பட்டா உடைஞ்சிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பேர் கண்ணாடி.

வேலை நேரத்தில் அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "மெதுவா இழு, அக்கா." ஒருநாள் விரிப்பு மலைபோலக் குவிந்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அதையே மூன்று தடவை சொல்லிவிட்டாள். பெரியவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அடுத்த விரிப்பை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தாள். சின்னவளின் கை விரிந்துவிட்டது. கத்தவில்லை. மடித்து வைத்த அடுக்கின் மேலேயே உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"கை தவறிடுச்சுடி," என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு நேரே மேற்பார்வையாளரிடம் போனாள். "எனக்கு வேற ஜோடி போடுங்க சார். இவளோட முடியல."

அதன்பின் சின்னவள் தனியாகவே அந்த இன்னொரு டாக்டரைப் போய்ப் பார்த்தாள். அந்த டாக்டரம்மா நோய்க்கு ஒரு பேர் சொன்னார், ஃபைப்ரோமயால்ஜியா என்று. தசையில் காயம் இல்லை, ஆனால் வலி நிஜம். நரம்புகள் சின்னதையும் பெரிதாகச் சொல்கின்றன, அடியோடு போக்க மருந்து இல்லை, பழக்கத்தை மாற்றினால் அடக்கி வைக்கலாம் என்றார். சின்னவள் மாற்றினாள். கிழிந்த விரிப்பு தைக்கும் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும். பாதித் தையலானாலும் வைத்துவிட்டு எழுந்து கைகால் நீட்டுவாள். ஒன்பது மணிக்குப் படுக்கை, அது யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி. சாயங்காலம் நாலரை மணிக்கு மருத்துவமனை மதிலை ஒட்டி நடை. முதல் மாதம் பத்தே நிமிஷம், போகப்போக நாற்பது. நல்ல நாளில் இன்னும் கொஞ்சம் ஓடியாடலாம் என்று ஆசை வந்தாலும் அடக்கிக்கொள்வாள், மறுநாள் படுத்துவிடக் கூடாதே என்று. வலி போய்விடவில்லை. ஆனால் மாதத்தில் பாதி நாள் லீவு போட்டவள், ஒரு நாள் இரண்டு நாளோடு நிறுத்தினாள்.

"மணி அடிச்சா பள்ளிக்கூடம் விட்ட மாதிரி எழுந்திருக்கறா பாரு," என்றாள் பெரியவள், அவள் காதில் விழும்படியாக.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். புது ஜோடிக்காரி முரட்டுக் கைக்காரி. ஒருநாள் அவள் இழுத்த இழுப்பில் பெரியவளின் கழுத்து பிடித்துக்கொண்டது. காலையில் எழுப்ப வந்த புருஷன் தோளைத் தொட்டதும், "ஐயோ, மெதுவா," என்றாள். சொன்ன பிறகு அந்தச் சொல்லை எங்கே கேட்டோம் என்று நினைவு வந்தது. மூன்று நாளில் அவளுக்குச் சரியாகிவிட்டது. தங்கைக்கு வலி வந்து அதற்குள் ஆறு வருஷம் ஆகியிருந்தது. போய்ப் பேசலாம்தான். பேசினால் கை தவறியதைப் பற்றியும் பேச வேண்டிவரும். இன்றைக்கு நாளைக்கு என்று இன்னும் ஆறு வருஷத்தை ஓட்டினாள்.

பெரியவள் ஓய்வு பெறும் நாள் வந்தது. அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு: போகிறவர் வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோடு மடித்தாரோ, அவரோடுதான் கடைசி விரிப்பை மடிக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று கை தட்டுவார்கள். பெரியவள் தையல் மேசைக்குப் போய் நின்றாள்.

"ஒரே ஒரு விரிப்புடி. இழுக்கவே மாட்டேன்."

"இன்னிக்கு முடியாதுக்கா. காலையிலேர்ந்தே தோள் சரியில்ல."

"எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"தெரியும். எனக்கு நடக்கற நேரம்."

கண்ணாடி என்ற சொல் பெரியவளின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"சரி. நானும் கூட வரட்டுமா?"

கடிகாரம் மணி அடித்தது. சின்னவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். "வா. ஆனா என் நடைதான்."

ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம், கொதிகலன் அறை, சைக்கிள் கொட்டகை என்று மதிலை ஒட்டி நடந்தார்கள். பெரியவள் இரண்டு தடவை முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"என்ன ரயிலா புடிக்கப் போறோம்?" என்றாள் சின்னவள்.

உள்ளே கை தட்டும் சத்தம் கேட்டது. கடைசி விரிப்பை வேறு யாரோ மடித்து முடித்திருந்தார்கள்.

"அன்னிக்குக் கை தவறலடி," என்றாள் பெரியவள். "வேணும்னேதான் இழுத்தேன்."

சின்னவள் நடையை நிறுத்தவில்லை. "மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டிருந்தவளுக்குத் தெரியாதாக்கா? அதைக்கூட விட்டுட்டேன். வேற ஜோடி கேட்டியே, அதுதான்…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் சைக்கிள் கொட்டகை பெஞ்சைக் காட்டினாள். "இங்க அஞ்சு நிமிஷம் உட்காரணும்."

உட்கார்ந்தார்கள். பெரியவளின் கை தானாக எழுந்து, தங்கையின் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"தொடலாமா?"

"இன்னிக்கு வேண்டாம்க்கா."

"சரி," என்றாள் பெரியவள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் விரிப்பு இழுத்துக் காய்ப்பேறிய கை. பன்னிரண்டு வருஷமாகத் தினம் நாலரை மணி வந்து போயிருக்கிறது. அப்போதெல்லாம் அவள் சலவைக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள்.

"நாளைக்கும் இதே நேரம்தானே? வாசல்ல நிக்கறேன்."

சின்னவள் ஐந்து நிமிஷம் ஆனதும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெரியவளும் எழுந்து, தங்கையின் கால் முதலில் நகரட்டும் என்று காத்து நின்றாள்.