மக்ரீடாவின் விலாசம்

தென்னாப்பிரிக்காவின் செயின்ட் ஹெலினா விரிகுடாவில், மீன் ஆலையில் மக்ரீடா எனக்கு எதிர்வரிசையில் நின்று மத்தி மீனின் தலை கொய்வாள். கல்யாணத்துக்கு முன்பே போனஸ் பணத்தை ஒரு கம்பெனியின் வரியில்லாச் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தாள். கல்யாணமானதும் அவளுடைய வங்கிக் கணக்கை மூடச் சொன்னான் கணவன் பாரென்ட். அன்றிலிருந்து சம்பளம் அவன் கணக்குக்கே போயிற்று. சேமிப்பைப் பற்றி மட்டும் அவனிடம் அவள் மூச்சுவிடவில்லை.

குளிர்காலத்தில் படகு கவிழ்ந்து பாரென்ட் போய்ச்சேர்ந்தான். வங்கி அவன் கணக்கை முடக்கியது. அவள் சம்பளமும் உள்ளே மாட்டிக்கொண்டது. அதே சமயம் சேமிப்புக் கம்பெனி அந்தத் திட்டத்தையே மூடப்போவதாகவும், பணத்தை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளும்படியும் சொன்னது. புதிய கம்பெனியோ அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருந்தால்தான் ஏற்போம், புருஷன் கணக்கோ அண்ணன் கணக்கோ செல்லாது என்றது.

கணக்குத் திறக்கப் போனால், வங்கியில் விலாசத்துக்குச் சான்று கேட்டார்கள். வீடு மாமியார் காத்ரீனாவின் பெயரில் இருந்தது. 'இவள் என் வீட்டில்தான் இருக்கிறாள்' என்று மாமியார் போலீஸ் நிலையத்துக்கு வந்து சத்தியப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதும்.

நானும் கூடப் போனேன். கிழவி அடுப்படியில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். மக்ரீடா சேமிப்பு விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டாள்.

"எம் புள்ளைக்குத் தெரியாம காசு ஒளிச்சு வச்சிருக்க. அவன் ஓட்டைப் படகுல போனான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் மா."

"இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேப்பான்?"

அந்தப் பணத்தை எடுத்திருந்தால் படகைப் பழுது பார்த்திருக்கலாம் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். பாரென்ட் அதைக் குடித்தே தீர்த்திருப்பான் என்பதும் தெரியும். துக்க வீட்டில் அதை யார் சொல்வது?

கிழவி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"வர்றேன், கையெழுத்துப் போடறேன். மாசக் கடைசியில வீட்டக் காலி பண்ணிரு."

சொன்னபடி வந்தார். மக்ரீடா அங்கே வசிக்கிறாள் என்று அதிகாரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட்டார் கிழவி. வீடு திரும்பியதும் அவளுடைய துணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தார். மாதம் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை.

வங்கிக் கணக்குத் திறந்தாயிற்று. பணமும் புதிய கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. மக்ரீடா இப்போது மகள் ஷான்டேலோடு என் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் இருக்கிறாள். காற்று வீசும்போது கூரை தூக்கும், கல் வைத்திருக்கிறோம். அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல அறையாகப் பார் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதையே எடுத்துச் செலவழிச்சா, அப்புறம் எதுக்காக வீட்ட விட்டு வெளிய வந்தேன்னு ஆயிடும்" என்றாள்.

ஞாயிறன்று தேவாலயத்தில் ஷான்டேல் பாட்டியிடம் ஓடினாள். கிழவி பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, பிரசங்கம் முடியும்வரை அழுதார். முடிந்ததும் இறக்கிவிட்டு, மக்ரீடாவைத் திரும்பியும் பாராமல் வெளியே போய்விட்டார்.