கடைசிப் பக்கத்துக் கல்யாணம்

காரைக்குடியில் நான் எழுத்துக் கோர்த்த அச்சகத்தில் சிவசங்கரன் பிழை திருத்தினார். ஓய்ந்த நேரத்தில் சிறுவர்களுக்குப் புத்தகமும் எழுதினார். எல்லாம் இளம் விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை வரலாறு. கீழச்சிவல்பட்டிக் கபடிக்காரன், ஆத்தங்குடி நீச்சல்காரன் என்று சுற்றுவட்டாரத்தில் எந்தப் பையன் கோப்பை வாங்கினாலும் அடுத்த மாதம் அவன் வரலாறு தயார். பையனைத்தான் பார்த்திருக்க மாட்டார். "பார்த்தா எழுத்து ஓடாது" என்பார். மைதானத்துத் தூசி பட்டால் அவருக்கு இரைக்கும்.

அவருடைய வீரர்கள் எல்லோரும் விடியுமுன் எழுந்தார்கள், கேழ்வரகுக் கூழ் குடித்தார்கள், தாயின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திப் பிடித்தார்கள். நீச்சல்காரனும் துரத்தினான். ஆட்டுக்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டேன். "சின்னப் புள்ளைகளுக்கு ஒழுக்கம் முக்கியம் தம்பி" என்று வெற்றிலையை மடித்தார். மனிதருக்கு வெட்கம் மருந்துக்கும் கிடையாது. அந்த ஆட்டுக்குட்டிப் பக்கத்தைக் கோர்த்துக் கோர்த்து எனக்குத்தான் அலுத்துப்போயிருந்தது.

அறுபத்தெட்டாம் வருஷம், ஊர்ப் பணக்காரர் மெய்யநாதன் செட்டியாருக்கு வயது அறுபது நிறைந்து, சாந்திக் கல்யாணம் வந்தது. அந்த விசேஷத்தில் வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு புத்தகமும் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வழக்கமாகப் பக்திப் பாடல்கள்தான். வாங்கிப் போய் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். செட்டியார் புதுமையை விரும்பினார். நாச்சியாபுரத்து வீரலட்சுமியின் கதையைக் கேட்டார். மருது என்ற விவசாயியின் மகள், பதினைந்து வயது. மாவட்டப் போட்டியில் ஜெயித்து, சென்னையில் நடக்கவிருந்த மாநில ஓட்டத்துக்குத் தேர்வாகியிருந்தாள்.

"சாந்திக்கு வாரவுக கையில குடுக்குற புஸ்தகம். மங்கலமா முடியணும், பாத்துக்கங்க" என்றார் செட்டியார்.

பெண் இன்னும் சென்னைக்கே போகவில்லை. அதெல்லாம் நம்மவருக்கு ஒரு பொருட்டா? புத்தகத்தில் அவள் தங்கப் பதக்கம் வாங்கினாள். ஊர் திரும்பிப் பதக்கத்தைச் சாமி படத்தில் மாட்டினாள். ஓட்டத்தை விட்டாள். கடைசிப் பக்கத்தில் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்டினாள். அத்தை மகன் இல்லாத வீடு இந்தச் சீமையில் ஏது என்கிற தைரியம்.

அத்தை மகன் இருந்தான். விசேஷத்துக்கு மருதுவை அழைத்துச் சால்வை போர்த்திப் புத்தகமும் கொடுத்தார்கள். அவர் அதை ஊரில் படிக்கச் சொல்லிக் கேட்டார். தன் மகனுக்கு வெகுநாளாகப் பெண் கேட்டுக்கொண்டிருந்த அவர் தங்கை சோணையம்மாள், மறுவாரமே தட்டோடு வந்து நின்றாள். "மணவறையில வச்சுக் குடுத்த புஸ்தகத்துலயே போட்டிருக்கு. இன்னும் என்னண்ணே யோசனை?" மருதுவுக்கும் அது தெய்வ வாக்காகவே பட்டது. சென்னை ஓட்டத்துக்கு முந்திய முகூர்த்தத்தில் நாள் குறித்தார்கள். ஓடினது போதும் என்று மகளிடம் சொல்லிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் நெட்டையாக ஒரு பெண் அச்சகத்துக்குள் வந்தாள்.

"யாரும்மா நீ?" என்றார் சிவசங்கரன்.

"நீங்க எழுதுன புள்ளைதான். வீரலட்சுமி."

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் விடியக்காலம் எந்திரிச்சதே இல்லை. கூழு எனக்கு ஆகாது. அதெல்லாம் எப்படியும் போகட்டும். கல்யாணத்தை நீங்கதான பண்ணி வச்சீக? நீங்களே வந்து நிப்பாட்டுங்க. எனக்கு ஓடணும்."

 எனக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு நாச்சியாபுரத்துக்குப் புறப்பட்டார். எல்லாம் கற்பனை என்று சொல்லிவிடுவதாகப் பஸ்ஸில் சத்தியம் செய்தார். மருதுவோ எங்களைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டி, "எழுதினவுகளே வந்திருக்கீக!" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிட்ட கைகளைப் பார்த்ததும் சிவசங்கரனுக்குப் பஸ்ஸில் செய்த சத்தியம் மறந்துபோனது. பொய் என்று சொன்னால் அத்தனை புத்தகமும் பொய்யாகும். கூழும் ஆட்டுக்குட்டியும் பொய்யாகும்.

"புஸ்தகத்துல பதக்கம் முந்தி வருது, கல்யாணம் பிந்தி வருது" என்றார் மெல்ல. "வரிசையை மாத்தினா அபசகுனமுல்ல?"

மருது தலையாட்டினார். "வாஸ்தவம்தான்" என்றார். "தங்கம் வரட்டும். அப்புறம் தாலி."

வீரலட்சுமி சென்னைக்குப் போனாள். இரண்டாவதாக வந்தாள். வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த மருது, "தங்கமுன்னுல்ல போட்டிருக்கு" என்று மறு வருஷமும் அனுப்பினார். மறு வருஷமும் வெள்ளி. அதற்கடுத்தும் அப்படியே. சோணையம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மகனுக்கு வேறிடத்தில் பெண் எடுத்தாள்.

எழுபத்து மூன்றில் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தோம். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் டீச்சர் ஆகியிருந்தாள். கழுத்தில் விசில் தொங்கியது. சிவசங்கரனுக்கோ தன் புத்தகக் கவலை.

"ஒரு தடவைகூடத் தங்கம் வாங்காம என் எழுத்தைப் பொய்யாக்கிட்டியேம்மா!"

அவள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"வாங்கினா அடுத்த பக்கத்துக்குப் போகணுமே சார். ஓட்டம் முடியிற இடத்துல எனக்கு முன்னாடி எவளுமே இருக்க மாட்டா. உங்க கடைசிப் பக்கம்தான் தெரியும். காலை இழுத்துப் பிடிச்சுக்கிடுவேன். சோணை அயித்தை வேற பொண்ணு எடுத்த பிறகு நெசமாவே ஓடிப் பாத்தேன். கால் அப்படியே பழகிப்போச்சு, தங்கம் வரலை."

 அவள் பஸ் வந்தது, ஏறிப் போனாள். 

அடுத்த மாதம் உயரம் தாண்டும் பையன் ஒருவனின் வரலாற்றைக் கொண்டுவந்தார். கூழ் இருந்தது, ஆட்டுக்குட்டி இருந்தது, கடைசிப் பக்கத்தைக் காணோம். எங்கே என்று கேட்டேன்.

"அந்தப் பையனைப் பாத்துக் கேட்டுட்டு வந்து எழுதுறேன் தம்பி" என்று குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.