அம்மன் கோயில் மணல்

இழப்பீட்டு விசாரணைக்கு மூன்று பேர் போனோம். நான், என் கணவர், சாட்சிக்கு வந்த எங்கள் பழைய ஊர்க் கோயில் செயலாளர். ஜார்ஜ் டவுனில் அந்த அலுவலகத்தின் குளிர் ஆளைக் கொல்லும். ரத்தத்தில் கோளாறு வந்ததிலிருந்து என் கணவருக்குக் குளிர் ஆகாது. என் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். "பொம்பள மாதிரி இருக்கு, எடு லா" என்றார். நான் எடுக்கவில்லை.

முன்பு புக்கிட் மெர்தாஜாம் பக்கம் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஈயச் சுரங்கக் கழிவைச் சலிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. மிஞ்சிய கறுப்பு மணலைச் சும்மா கொடுத்தார்கள். சும்மா என்றால் நம் ஆட்கள் விடுவார்களா? வாசலுக்குப் போட்டோம், கோழிக்கூண்டுக்குக்கூடப் போட்டோம். தொழிற்சாலை மூடி, நாங்களும் ஜார்ஜ் டவுன் பக்கம் குடிவந்த பிறகுதான் அதில் கதிர்வீச்சு இருந்ததாக அரசு அறிவித்தது. நோய் வந்தவர்களுக்கு இழப்பீடும் சிகிச்சையும் உண்டாம். ஆனால் நாம் புழங்கிய இடத்தில் அந்த மணல் இருப்பதைக் கருவி வைத்து அளந்து பார்ப்பார்களாம்.

எதை அளப்பது? எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். தோண்டி, வேறு மண் கொட்டி, தார் போட்டாயிற்று. கருவி அங்கே முனகக்கூட இல்லை என்று மலாய் அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். வேறு இடம் ஏதாவது உண்டா என்று கேட்டார். செயலாளர் என்னைப் பார்த்தார்.

இருந்தது. அந்த ஊர் மாரியம்மன் கோயிலைச் சுற்றி முழுக்க அந்த மணல்தான். என் தலைப்பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டுமென்று என் கணவர் அதில்தான் ஈர வேட்டியோடு உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்தார். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் திருவிழாதோறும் உருண்டார். எழுந்து நிற்கும்போது மூக்கிலும் வாயிலும் மணல் அப்பியிருக்கும். ஆனால் கோயில் நிலத்துக்குப் பட்டா கிடையாது. அரசுக்கு அதை உடைப்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். "தங்கச்சி, கோயில் பேச்ச மட்டும் எடுத்துறாதீங்க. அம்மனுக்கு வேற போக்கிடம் இல்ல" என்று வரும் வழியில் காரிலேயே செயலாளர் சொல்லியிருந்தார். என் கணவரும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மனுக்குப் போக்கிடம் இல்லை, சரி. இவர் போய்விட்டால் எனக்கு எது போக்கிடம்?

வேறு இடம் இல்லையென்றால் விண்ணப்பத்தை இத்தோடு மூட வேண்டியதுதான் என்றார் அதிகாரி. கோயில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் கணவர் சால்வையை உருவி என் மடியில் போட்டார்.

அளக்க வந்த வெள்ளிக்கிழமை நாங்களும் கோயிலுக்குப் போனோம். வந்தவர் நம் ஆள்தான், இளைஞர். பூட்ஸோடு உள்ளே நுழையப் போனவரைச் செயலாளர் மறித்தார்.

"கோயில் லா இது! கழட்டுங்க தம்பி!"

"கழட்டக் கூடாதுண்ணே. எங்க ரூல்ஸ்."

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "நல்லா இருங்க தங்கச்சி. அம்மன் பாத்துக்குவா." அது வாழ்த்து அல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. இளைஞர் பூட்ஸோடேயே உள்ளே போனார்.

தரையருகே பிடித்ததும் கருவி கத்த ஆரம்பித்தது. கோயிலைச் சுற்றி எங்கே கொண்டுபோனாலும் கத்தியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன், சந்தோஷம்தான். இனி இவருக்கு வைத்தியம் கிடைக்கும், பிழைத்துக்கொள்வார். அந்த இளைஞர் சத்தத்தைக் குறைத்துவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன்.

செயலாளர் கருவியைப் பார்க்கவில்லை. பூஜைக்குப் பூக் கட்டிக்கொண்டு மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களில் ஒருத்தி மாசமாக இருந்த அவருடைய மருமகள்.

"எந்திரிங்கம்மா" என்றார். "எல்லாரும் போய் சிலிப்பர் போட்டுக்குங்க."

யாரும் அசையவில்லை. கோயிலுக்குள் செருப்புப் போடச் சொல்லி அவர்கள் யாரும் கேட்டதில்லை. இவர்தான் சொன்னார் என்பதையும் நம்ப முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் வெளியே போய், மருமகளின் செருப்பைத் தேடி எடுத்துவந்து, குனிந்து அவள் காலடியில் வைத்தார்.