இல்லை என்று சொல்லத் தெரிந்த சர்வர்

ஜெர்மனியில் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடைக்காரம்மாவுக்கு என் மேல் எந்தக் கோபமும் கிடையாது. இதை நான் நம்புவதற்கு நாலு மாசம் ஆனது. எள்ளு தூவிய ரொட்டி இருக்கிறதா என்று கேட்டால், "நைன், ஹாபென் விர் நிஹ்ட்" என்பார். இல்லை, எங்களிடம் கிடையாது. அத்தோடு அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் ஊர் பேரணாம்பட்டில் பன் தீர்ந்துபோனால், "இப்ப வந்துடும்ணா, ஒரு டீ குடிங்க" என்பார்கள். பன் வராது. ஆனால் டீயைக் குடித்துவிட்டு மனம் கோணாமல் வீட்டுக்குப் போவோம். ஜெர்மனிக்கு வந்த புதிதில் நான் ரொட்டியும் இல்லாமல், மனமும் கோணித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வேலை என்றால் கிளவுட் நெட்வொர்க். கம்பெனிகள் இப்போது சொந்தமாகக் கம்ப்யூட்டர் அறை வைத்துக்கொள்வதில்லை. வேறொருவருடைய பெரிய கூடத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பி வாடகைக்கு இருக்கிறார்கள். அந்தச் சுவர்களை எழுப்புவதும் ஒழுகினால் அடைப்பதும்தான் என் பிழைப்பு. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று, ஷூ வாங்கி விற்கும் கம்பெனி. அவர்களுக்குத் தைத்து அனுப்பும் பாக்டரிகளில் ஒன்று ஆம்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவைப் பார்ப்பவள் என் அக்கா செல்வி. உலகம் சின்னது என்பார்கள். தோல் தொழிலில் அது இன்னும் சின்னது.

போன மாதம் ஒரு காலையில் ஆம்பூரில் லேபிள் அச்சாகவில்லை. ஷூ பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிள், கிளவுட்டில் இருக்கும் சர்வரிலிருந்து வர வேண்டும். அது ஒட்டாமல் ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்டாது. சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றது. என் மேலாளர் யோனாஸ் பக்கத்து மேஜையிலிருந்து அக்காவுக்குப் போன் போட்டார். என்ன பிரச்சினை என்று கேட்டார். "லிட்டில் ஸ்லோ சார். இட் வில் கம் சார்" என்றாள் அக்கா. யோனாஸ் தலையாட்டினார். நம் அலுவலகத்தில் லேபிள் சர்வரின் பக்கம் நன்றாகத் திறக்கிறது, அங்கே ஸ்லோ என்கிறார்கள், ஆகவே பழுது இந்தியாவின் லைனில் என்று முடிவு கட்டினார். மாலைக்குள் வாடிக்கையாளருக்கு அறிக்கை போக வேண்டும்.

அந்த ஷூ கம்பெனி ஏற்கெனவே ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்ற ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தது. "ஆம்பூர் லைனை நம்ப முடியாது" என்று நாங்களே எழுதிக் கொடுத்தால் அடுத்த சீசன் ஆர்டர் போய்விடும். அக்காவின் பேக்கிங் லைனில் நிற்கும் அத்தனை பெண்களும் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அக்காவின் "ஸ்லோ"வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஜெர்மனிக்கு வருமுன் அதே பாக்டரியின் கம்ப்யூட்டர் பிரிவில் நானும் இருந்தவன்தான். சரக்கு வாங்கும் பையர் வந்து, எல்லாம் ரெடியா என்று கேட்பார். தோல் இன்னும் பேரணாம்பட்டில் பதனிடும் டிரம்முக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். "ரெடி சார், பேக்கிங் போய்ட்டே இருக்கு" என்போம். அதைப் பொய் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது வாக்கு. அப்படிச் சொல்லிவிட்டதற்காகவே ஞாயிற்றுக்கிழமையும் பாக்டரி பஸ் ஓடும், சரக்கு சொன்ன நாளில் கிளம்பும். பையரிடம் "இல்லை" என்ற சொல்லை மட்டும் யாரும் சொன்னதில்லை.

நான் வெளியே போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நெஜத்தச் சொல்லு. மெதுவா வருதா, இல்ல வர்றதே இல்லயா?"

"எங்கடா வருது? காலைல இருந்து ஒன்னும் வர்ல. லாரிக்காரன் ஒரே பேஜார் பண்றான்."

"அப்புறம் இன்னாத்துக்கு ஸ்லோன்னு சொன்ன?"

"அவங்க மூஞ்சிக்கு நேரா வர்லன்னு சொல்ல முடியுமா? நீ இங்க வேலை செஞ்சவன்தான?"

சர்வரின் பெயரைக் கேட்டால் அதன் எண்ணைச் சொல்லும் வேலைக்கென்றே ஒரு சர்வர் உண்டு. ஊருக்கு ஒரு முகவரிப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் நேராகக் கேட்கும் ஒற்றை வரிக் கட்டளையைச் சொன்னேன். அக்கா தட்டினாள்.

"அப்டி ஒரு பேரே இல்லன்னு வருதுடா."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

"தட்டின ஒடனே வந்துச்சு."

அங்கேயே பாதி கணக்கு தீர்ந்தது. மந்தமான லைன் தாமதமாகப் பதில் சொல்லும். இது கேட்ட மாத்திரத்தில் இல்லை என்கிறது. அக்காவைப் போனில் வைத்தபடியே மேஜைக்குத் திரும்பி, கிளவுட்டில் நாங்கள் எழுப்பிய சுவருக்குள்ளேயே இருந்த ஒரு மெஷினிலிருந்து அதே பெயரைக் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் அதே இல்லை. அந்த மெஷினுக்கும் இந்தியாவின் லைனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

சேதி இதுதான். முந்தின வாரம் எங்கள் குழு அந்தக் கம்பெனியின் பெயரிலேயே, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு முகவரிப் புத்தகம் திறந்திருந்தது. லேபிள் சர்வரின் பெயர் வெளிப் புத்தகத்தில்தான் இருந்தது. எங்கள் அலுவலகம் வெளிப் புத்தகத்தைப் பார்ப்பதால் எங்களுக்குத் திறந்தது. ஆம்பூர், தனிச் சுரங்கப் பாதை போன்ற ஓர் இணைப்பில் உள்ளே வந்து உள் புத்தகத்தைக் கேட்கிறது. தனக்குத் தெரியாவிட்டால் வெளியே கேட்டுச் சொல்லுமா என்றால், சொல்லாது. அந்தப் பெயருக்குத் தானே சொந்தக்காரன் என்பது அதன் நினைப்பு. ரொட்டிக்கடைக்காரம்மாவுக்குத் தங்கை என்றே சொல்லலாம்.

உள் புத்தகத்தில் லேபிள் சர்வரின் பெயரைச் சேர்த்தேன். அக்கா மறுபடி தட்டினாள். அப்போதும் இல்லை.

"பார்த்தாயா, லைன்தான்" என்றார் யோனாஸ்.

"லைன் இல்லை. இல்லை என்று சொன்னதையும் அது கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். அது மறக்கும்வரை காத்திருப்போம். அதுவரை அறிக்கை போகக் கூடாது."

வேலைக்குச் சேர்ந்து சோதனைக் காலம்கூட முடியாதவன் மேலாளரிடம் பேசும் பேச்சா இது? பேசினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் நாற்காலியை அவர் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். போனில் முதலில் பிரிண்டர் சத்தமும், பிறகு பெண்களின் கூச்சலும் கேட்டன. "ஏய், வந்துட்ச்சி! வந்துட்ச்சிடா!" என்றாள் அக்கா. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. தவறு எங்கள் நெட்வொர்க்கில் என்று யோனாஸே தன் கையால் அறிக்கை எழுதினார். அந்த மனுஷனைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் யோனாஸ் வீடியோவில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். வாடிக்கையாளர் கேட்கச் சொன்னதாக, வெள்ளிக்கிழமைச் சரக்கு ரெடியா என்றும் கேட்டார். "எஸ் சார், நோ பிராப்ளம் சார்" என்றாள் அக்கா. அதே நேரத்தில் என் போனுக்கு அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "ஷூவுக்கு சோல் இன்னும் வர்ல. அவர் கிட்ட சொல்லாத." யோனாஸ் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இது உண்மையான எஸ்ஸா?" என்று கேட்டார். பாவம், அவரும் கற்றுக்கொண்டிருந்தார்.

அவரிடம் சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால், அன்றைக்கு எந்த உண்மைக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்தேனோ அதற்கு அர்த்தமில்லை. மைக்கைத் திறந்து, தமிழில் சொன்னேன்: "அக்கா, நீயே சொல்லிடு. இல்லன்னா இல்லன்னே சொல்லு. இங்க அது தப்பில்ல."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "நோ சார். சோல் நாட் கம். மன்டே" என்றாள்.

"குட்" என்று யோனாஸ் குறித்துக்கொண்டார். அவருக்கு அது ஒன்றுமேயில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேங்க் யூ சார்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். அவள் திரையில் நாங்கள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தத் தேங்க் யூவை அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.